நீலக் கோடு

நேராத்தான் இருக்கும்மா என்று சொல்லிவிட்டேன். மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் கேட்டது பெரிய கேள்வி இல்லை. இடது கண்ணைக் கறுப்பு மூடியால் மறைத்து, கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டையைக் கையில் கொடுத்து, "நடுவுல இருக்கிற புள்ளிய மட்டும் பாருங்கய்யா. பாத்துக்கிட்டே சொல்லுங்க, எல்லாக் கோடும் நேராத் தெரியுதா?" என்றாள். புள்ளியைப் பார்த்தேன். புள்ளிக்கு இடது பக்கம், கொஞ்சம் கீழே, இரண்டு மூன்று கோடுகள் வெளியே பிதுங்கி நின்றன. சட்டைப் பைக்குள் எலுமிச்சம்பழம் போட்டால் துணி பிதுங்குமே, அப்படி. பார்த்தவுடன் இது என்ன நோய், எவ்வளவு நாளாக இருக்கிறது என்றெல்லாம் தோன்றவில்லை. இதை நான் பார்த்திருக்கிறேனே என்றுதான் தோன்றியது. தெரிந்த முகத்தைத் தெரியாத ஊரில் பார்ப்பதுபோல. போன மாதம், அம்பாசமுத்திரத்தில், கோமதிநாயகத்தின் சாப்பாட்டு மேஜையில், ஒரு கிரிக்கெட் அட்டையின் நீல ஓரக்கோட்டில். அதே இடம், அதே பிதுக்கம். வாய் தானாக நேராத்தான் இருக்கும்மா என்றது. அவள் தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள், இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டாள், "கண்ண மூடி உக்காருங்க. கண்பாப்பா விரிஞ்சதும் டாக்டர் கூப்பிடுவார். கூட யாரும் வரலையா?" என்றாள். மருமகள் வெளியே இருக்கிறாள் என்றேன். மருமகள் பெங்களூரில் இருக்கிறாள். ஒரு பொய் வந்து உட்கார்ந்தால் அடுத்ததற்கும் இடம் போட்டுவிடுகிறது.

கண்ணை மூடினால் சிவப்பு. மருந்து எரிந்துகொண்டே இறங்கித் தொண்டையில் கசக்கிறது. கண்ணில் விட்டது தொண்டைக்கு வருகிறது என்பது இந்த வயதில்தான் தெரிகிறது. யோசிக்கலாம், நிதானமாக யோசிக்கலாம். கண்ணிலும் வளைவு இருக்கலாம், அட்டையிலும் வளைவு இருக்கலாம். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? அந்த அட்டை வெள்ளோட்டமாகவே இருக்கலாம். வெள்ளோட்டம் என்பது அட்டை சேர்க்கிற எங்களுக்குள் வழங்கும் சொல். எண்பதுகளில் ஒரு சூயிங்கம் கம்பெனி பொட்டலத்துக்குள் கிரிக்கெட் வீரர் படம் போட்ட அட்டை வைத்து விற்றது. ஊர் ஊராக இறக்குவதற்கு முன்னால், ஓடுமா ஓடாதா என்று பார்க்க, இரண்டு மூன்று ஊர்க் கடைகளில் மட்டும் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த முதல் அச்சில், படத்தைச் சுற்றியிருக்கும் நீலக் கோட்டை யாரோ கையால் இழுத்திருந்தார். இடது பக்கம் கீழே கை ஆடியிருக்கிறது. கோடு ஒரு மயிரிழை வெளியே பிதுங்கும். பிறகு மொத்தமாக அடித்தபோது கோட்டைத் திருத்திவிட்டார்கள். தாள் அதே தாள், மை அதே மை, படமும் பின்பக்க எழுத்தும் அதேதான். அந்தப் பிதுக்கம் ஒன்றுதான் வித்தியாசம், அதுவும் லென்ஸ் வைத்தால்தான் தெரியும். கிடைத்தவை விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். தென் ஜில்லாக்களில் அந்த ஆள் நான். ஆதிமூலம், விருதுநகர், ஓய்வுபெற்ற சர்வேயர். கோடு நேரா கோணலா என்று சொல்லியே சம்பளம் வாங்கியவன். அண்ணன் தம்பி வரப்புச் சண்டையில் நான் கல் ஊன்றிய இடத்தைக் கோர்ட்டும் மாற்றியதில்லை. "சர்வேயர் சார் சொல்லிட்டாரா, அப்ப முடிஞ்சுது" என்பார்கள். அதைக் காதால் கேட்பதற்காகவே பஸ் ஏறிப் போயிருக்கிறேன். சாப்பாடுகூட அப்புறம்தான்.

ஆனால் வீட்டில் இருக்கிற இரண்டு அட்டைகள் இருக்கின்றனவே. அதை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். அம்பாசமுத்திரத்திலிருந்து திரும்பிய மறுநாள், என்னிடம் இருந்த பழைய அட்டைகளை எடுத்து ஒரு ஆசைக்கு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு விக்கெட் கீப்பர், ஒரு இடக்கைப் பந்துவீச்சாளர். இரண்டிலும் பிதுக்கம். பல வருஷமாக நானே வைத்துக்கொண்டு நானே கவனிக்காத இரண்டு வெள்ளோட்டங்கள். காபி ஆறிப்போகிறது என்று வேலைக்காரம்மா இரண்டு தடவை சொன்னாள். கிழவனுக்குக் கடைசியில் அதிர்ஷ்டம் அடிக்கிறது பார் என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன். அதிர்ஷ்டம் வந்தால் மனிதன் ஏன் சந்தேகப்படுவதில்லை? துரதிர்ஷ்டத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். மூன்றாவதாக இன்னொன்றை எடுத்திருந்தால் அதிலும் பிதுங்கியிருக்கும். பஞ்சாங்கத்தை எடுத்திருந்தால் அதிலும் பிதுங்கியிருக்கும். ஆனால் லென்ஸ் வைக்காமல் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, கதவு கதவாக, ஜன்னல் கம்பி கம்பியாக. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணை மூடி மறைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறது. லென்ஸ் வைக்கிறவன்தான் இடது கண்ணை இறுக்கி மூடி, வலது கண்ணைத் தனியாக விடுகிறான். என் வலது கண் தனியாக வேலை பார்த்ததெல்லாம் லென்ஸில்தான். கெட்டுப்போன சாட்சியைத் தனியறையில் உட்காரவைத்துக் கேட்டிருக்கிறேன், அது சொன்னதை அப்படியே ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"அண்ணே, தூங்குறீகளா?" பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்குரல். இல்லம்மா, மருந்து விட்டிருக்கு என்றேன். "எங்க வீட்டுக்காரருக்கும் விட்டாக. நாளைக்குப் புரை எடுக்கப் போறாக. பயந்து சாகுறாரு." கண்ணைத் திறந்தேன். வெளிச்சம் அறைந்தது. ஒரு பச்சைச் சேலை, பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டி, முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மாவு. "ஆப்பரேசனுக்கா பயம்?" "ஆப்பரேசனுக்கு எதுக்குப் பயம்? முடிஞ்ச பெறகு என் மூஞ்சி தெளிவாத் தெரியுமே, அதுக்குத்தான்." வெள்ளை வேட்டி, "பேச்சியம்மா, வாய மூடு" என்றது. "நான் மூடுறேன், நீரு கண்ண மூடும்." சிரித்தேன். சிரிக்க முடிகிறது, அதுதான் ஆச்சரியம். கண்ணை மூடிக்கொண்டேன். கோமதிநாயகத்தின் மூச்சு அந்த இருட்டிலேயே பின்னங்கழுத்தில் வந்து பட்டது.

அவர் அன்றைக்கு என் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றார். எதிரில் நஞ்சுண்டன், கோயம்புத்தூர்ப் பையன், பையன் என்ன பையன், நாற்பது இருக்கும், துபாயில் வேலை, லீவுக்கு வந்தால் அட்டை தேடி அலைகிறவன். மேஜை மேல் உறைக்குள் அவனுடைய அட்டை. பந்து வீசிக் கை தாழ்ந்து நிற்கும் ஒரு வேகப்பந்துக்காரர். பக்கத்தில், அதற்கு மாற்றாகக் கொடுக்க, ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் இசக்கிராஜின் செட். இசக்கிராஜ் கோமதிநாயகத்தின் ஒரே மகன். தங்க ஓரம் போட்ட அட்டைகள் என்று ஒரு வரிசை உண்டு. இன்சர்ட் என்போம். எந்தப் பொட்டலத்தில் இருக்கும் என்று தெரியாது, பெட்டி பெட்டியாகப் பிரித்தால் ஒன்று கிடைக்கும். அந்த வரிசை முழுவதையும் அவன் பள்ளிக்கூடக் காலத்திலேயே சேர்த்துவிட்டான். மென்று மென்று கடைவாய்ப் பல் இரண்டு சொத்தையாகிப் பிடுங்கினார்கள். அட்டைகளில் இன்னும் சூயிங்கத்தின் ரோஸ் பொடி ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றின் பின்னாலும் பால்பாயிண்ட் பேனாவால் இ.ரா. என்று எழுதி வைத்திருக்கிறான். அவனுக்குக் கிடைக்காமல் போனது வெள்ளோட்டம் மட்டும். "அப்பா, அது ஒண்ணு வந்துட்டா நாம ராஜா" என்பானாம். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் ஆற்றில் குளிக்கப் போனவனை மூன்றாம் நாள் வேறு ஊர்ப் படித்துறையில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு தேடியது அப்பா. ஊர் ஊராகப் போய், வெள்ளோட்டம் என்று சொன்னவர்களிடமெல்லாம் வாங்கி வந்து என்னிடம் நீட்டுவார். நான் லென்ஸ் வைத்து, இல்லை என்பேன். சரி சார் என்று உறையில் போட்டுக்கொள்வார். ஒரு தடவையும் மறுத்துப் பேசியதில்லை. அன்றைக்கு நஞ்சுண்டன், "கண்டிசன் கொஞ்சம் மோசந்தானுங்க. ஆனா முழுச் செட்டு, விடக்கூடாது. பின்னால இருக்கிற பேனா மையெல்லாம் ஒரு மருந்து இருக்குதுங்க, தொடச்சா சுத்தமாப் போயிரும்" என்றான். என் கழுத்தில் கோமதிநாயகத்தின் மூச்சு நின்றுபோனது. அப்போதுதான் நான் லென்ஸைக் கீழே இறக்கினேன்.

பார்த்தேன், பிதுக்கம் இருந்தது. இருக்கட்டும். ஆனால் பார்வையை ஒரு நூல் நகர்த்தியிருந்தால் பிதுக்கமும் கூடவே நகர்ந்திருக்கும். தாளில் இருப்பது நகராது, கண்ணில் இருப்பது நகரும். இது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நான் நகர்த்தவில்லை. கண்டவுடன் கண்ணை எடுத்துவிட்டேன். வேண்டியது கிடைத்த பிறகு எவன் இன்னொரு தடவை பார்க்கிறான்? வேலையில் இருந்த காலத்தில் நிலம் அளக்கிற சங்கிலியை இந்த முனையிலிருந்து இழுத்தால் அந்த முனையிலிருந்தும் ஒரு தடவை இழுக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. கீழே வேலை பார்த்தவர்கள் வெயிலில் நின்று என்னைத் திட்டுவது காதில் விழும், விழட்டும் என்று இழுப்பேன். லென்ஸை இடது கண்ணுக்கு மாற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவருக்கு இன்னொரு தடவை இல்லை என்று சொல்ல வேண்டாம் என்று நினைத்தேனா? இரக்கம் என்று வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கிறது. இரக்கம் இல்லை. ஆமாம் என்று சொல்லும்போது அந்த அறையில் எல்லாருடைய முகமும் என் பக்கம் திரும்புமே, அது. வெள்ளோட்டம்தான் என்றேன். எங்க சார், எங்க சார் என்று கோமதிநாயகம் குனிந்தார். உறைமேல் சுண்டுவிரலை வைத்து, இந்தா, இங்கதான் என்றேன். "அப்பச் சரி" என்றார். அழவில்லை. டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, அழுத்தி அழுத்தி மூடினார்.

நஞ்சுண்டன் தங்கமான ஆள். "அட்டை உங்ககிட்டயே இருக்கட்டுங்க. செட்ட உடனே குடுக்க மனசு வராது, தெரியும். ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னால மதுரையில வச்சு வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அது இன்றைக்கு. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. நீங்களும் வாங்க என்றார்கள். கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன். நேரம் இருக்கிறது. நேரம் இருக்கிறது என்பதுதான் பிரச்சினையே. நேரம் இல்லாவிட்டால் ஒன்றும் செய்யமுடியவில்லை என்று உட்கார்ந்திருக்கலாம். ஒரு போன் போட்டால் போதும். டப்பா டப்பாவாக அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பிவிடும், ரோஸ் பொடி, பால்பாயிண்ட், இ.ரா. எல்லாம் திரும்பிவிடும். என்ன சொல்வது? கோமதிநாயகம், எனக்கு ஒரு சந்தேகம், இன்றைக்கு மாற்ற வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் சார் என்பார். லென்ஸில் ஒரு கீறல் என்று சொல்லலாம். லென்ஸ் மேல் பழி போடலாம், வெளிச்சம் போதவில்லை என்று சொல்லலாம். எது சொன்னாலும் மறுபடி ஒரு நாள் பார்க்கச் சொல்வார்கள். மறுபடி லென்ஸ், மறுபடி கழுத்தில் மூச்சு. கண் போய்விட்டது என்று சொன்னால் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு எவன் வீட்டு மேஜையில் எனக்கு நாற்காலி போடுவான்? "பாவம், நல்லா பாத்துக்கிட்டிருந்தவரு" என்பார்கள். உயிரோடு இருக்கும்போதே இறந்தகாலத்தில் பேசுவார்கள். அப்புறம் விருதுநகர் வீட்டில் பகல் முழுவதும் நான் என்ன செய்வேன்? பேப்பர் படிப்பேனா, இதே கண்ணை வைத்துக்கொண்டு? இடது கண்ணுக்கும் வருமா? வரும். ஒரு கண்ணுக்கு வந்தது இன்னொன்றுக்கு வராமல் எங்கே போகும்? ஒருநாள் நடுவில் எல்லாம் பிதுங்கி, பிதுங்கியது கருத்து, கருத்தது அகன்று, பேசுகிறவரின் காது மட்டும் தெரியும், முகம் தெரியாது. கதவு திறந்திருக்கும், நிலை மட்டும் தெரியும், உள்ளே வருவது யார் என்று தெரியாது. அப்போது இந்தப் பேச்சியம்மா மாதிரி குரல்தான் மிச்சம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். வட்டமாக ஏதோ ஒன்று. முள் இல்லை. நேரம் இருக்கிறது என்று எவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

போனை எடுத்தேன். வெளிச்சமான ஒரு பலகை, அதன்மேல் எறும்பு ஊர்வதுபோல எழுத்து. தள்ளிப் பிடித்தேன், பக்கத்தில் பிடித்தேன். "என்னண்ணே, முகத்துல வச்சுத் தேய்க்கிறீக?" ஒரு போன் போடணும்மா, பேரு தெரியல என்றேன். "எனக்குக் கண்ணு தெரியும், எழுத்துதான் தெரியாது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு." வாங்கிக்கொண்டாள். "கடைசியாப் பேசுன ஆளா? கண்ணாடி போட்டு, விபூதி பூசி, பாவமா ஒரு மனுசன் படம் வருதே?" அவர்தான் என்றேன். காலையில் அவர்தான் கூப்பிட்டிருந்தார், மறக்காமல் வாருங்கள் என்று. பச்சையை அமுக்கிக் கையில் கொடுத்தாள். மணி அடித்தது. எடுக்கக்கூடாது என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டேன். எடுத்துவிட்டார்.

"சார்! ஆயுசு நூறு. இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிட்டிருந்தோம்." பின்னால் ஹாரன், மைக்கில் ஊர்ப் பெயர்கள். "நஞ்சுண்டன் தம்பிக்கு சாயங்காலம் ஏதோ வேலையாம், முன்னாடியே வந்துட்டாரு. டப்பாவக் குடுத்தாச்சு. பஸ்ஸுல ஏறிட்டாரு, அந்தா ஜன்னலோரம் மடியில வச்சுகிட்டு இருக்காரு. டிரைவர் டீ குடிக்காரு." கோமதிநாயகம் என்று கூப்பிட்டேன். "கேக்கல சார், சத்தமாச் சொல்லுங்க, இங்க காது அடைக்கி." எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. "டப்பாவத் திருப்பி வாங்குங்க" என்று கத்தினேன். "அது வெள்ளோட்டம் இல்ல. வளைவு அட்டையில இல்ல, என் கண்ணுல இருக்கு. என் கண்ணு போச்சு, கோமதிநாயகம்." தெரியாத முகங்கள் எல்லாம் என் பக்கம் திரும்பியிருக்கும். எனக்கு மாவுதான் தெரிந்தது. போனில் பஸ் உறுமுகிற சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் அவர் குரல், கத்தாமல், வாயைப் போனுக்கு ஒட்டிவைத்துப் பேசுகிற குரல். "இல்ல சார். அப்படிச் சொல்லாதீங்க. மொத நாளு எனக்கும் நேராத்தான் தெரிஞ்சுது. வீட்லயும் நேராத்தான இருக்குன்னா. சர்வேயர் சார் சொல்லிட்டாரு, நமக்குப் பாக்கத் தெரியலன்னு சொன்னேன். தெனமும் பூசை ரூமுல அவன் படத்துக்குக் கீழ வச்சு லென்ஸு போட்டுப் பாத்தேன். ஒரு வாரமா நல்லாத் தெரியுது சார். நீங்க காட்டுன எடத்துலயே." கோமதிநாயகம், அது இல்லை, சொன்னால் கேளுங்கள், பஸ்ஸை நிறுத்துங்கள் என்றேன். "உங்க கண்ணுக்கு என்ன வந்துதோ, டாக்டர்ட்டக் காட்டுங்க, சரியாப் போயிரும். என் கண்ணு நல்லா இருக்கு சார். எனக்குத் தெரியுது." ஹாரன் நீளமாக அடித்தது. "கெளம்பிட்டு. தம்பி கை காட்டுதாரு" என்றார். யாரிடமோ திரும்பி, போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க என்று சொல்வது கேட்டது. அவர் கையையும் ஆட்டியிருப்பார்.

பேச்சியம்மா என் கையிலிருந்து போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டாள். ஆதிமூலம் யாரு, ஆதிமூலம் என்று அழைத்தார்கள். அவளே முழங்கையைப் பிடித்துக் கதவு வரை கொண்டுபோய் விட்டாள். உள்ளே டாக்டரம்மா, சின்ன வயதுக் குரல், ஒரு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விட்டு வெகுநேரம் பார்த்தாள். பார்க்கிறவளின் மூச்சு கன்னத்தில் பட்டது. "கோடெல்லாம் நேராத் தெரியுதுன்னு சொன்னீங்களாமே? உள்ளே அப்படி இல்லையே ஐயா" என்றாள். இடது கண்ணை யாரோ மூடினார்கள். கட்டம் போட்ட அட்டை மறுபடி கைக்கு வந்தது. மருந்தில் விரிந்த கண்ணுக்கு அது வெறும் சாம்பல் நிறத் தாள், புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. "சரியாச் சொல்லுங்க. எங்கேயாவது வளையுதா? விரல வச்சுக் காட்டுங்க பார்ப்போம்." பார்க்கத் தேவையிருக்கவில்லை. சுண்டுவிரல் வழி தெரிந்ததுபோல இடது பக்கம் கீழே போய் நின்றது. இந்தா, இங்கதான் என்றேன்.